சிறு குழுவும் வலிய எதிரியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதலே மரபு. அம்மரபினின்றும் சற்றே விலகிக் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுமாறு இளைஞர் சிலர் எம்மை வேண்டினர். புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராய் இருக்கும் எமக்கும் பந்தாட்டத்திற்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். இளைஞர்கள் கொண்டுவந்த சிக்கல், உண்மையில் ஒரு கால அட்டவணையைப் பற்றிய சிக்கல். எந்த வண்டியை எந்தப் பாதையில் எப்பொழுது விடுவது என்பது போல, எந்தக் குழுவோடு எந்த இடத்தில் எப்பொழுது மோதுவது என்பதே அவர்கள் கேட்ட வினா. அட்டவணை என்றால் எமக்கும் ஒருவாறு பேச வாய் உண்டு.

அவர்கள் பயிலும் கல்லூரி சிறியது. கால்பந்தாட்டக் குழுவுக்கென ஒதுக்கப்படும் பணம் ஆண்டிற்குப் பன்னிரண்டு ஆட்டங்களுக்கே போதுமானது. சென்ற ஆண்டு தம்மினும் மிக வலிய குழுக்களோடு சில ஆட்டங்களை ஏற்று, அவற்றுள் பெரும்பாலானவற்றில் தோற்றனர். இவ்வாண்டு நிர்வாகத்தார் கூறுவது இது: “எளிய குழுக்களோடு ஆடி வெற்றிகளைக் காட்டுங்கள், இல்லையேல் அடுத்த ஆண்டு இப்பணம் வேறு துறைக்குச் செல்லும்.” வலியாரோடு ஆடித் தோற்றால் குழுவே கலைந்து போகலாம். எளியாரோடு மட்டும் ஆடினால் குழு வளராமலே நின்று போகலாம். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலையில் நிற்கும் அவர்களுக்கு யாது கூறுவது? நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் அக்குழுவில் உள்ளனர். ஆதலின் இது நம் வீட்டு வினாவே ஆகும்.

முதற்கண், நிர்வாகத்தாரைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. பணம் கொடுப்பவர் பயன் கேட்பது இயல்பு. ஆடு களத்தில் ஆறு கோல் வாங்கித் திரும்பும் பிள்ளையின் முகத்தைக் கண்ட தாயும், “ஏன் இந்த வீண் மோதல்?” என்று கேட்பாள். அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. தகுதி நோக்காது வலியாரோடு மோதுதல் வீரமன்று என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடிய சான்று உண்டு.

அமெரிக்க நாட்டில் கால்பந்து என வழங்குவது நம் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. அந்நாட்டுக் கல்லூரிகளுக்கு அவ்வாட்டமே பெருமையும் பெருஞ்செல்வமும் தருவது. 1916ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், கம்பர்லாந்து என்னும் சிறு கல்லூரி, ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியின் வலிய குழுவோடு மோதியது. கம்பர்லாந்துக் கல்லூரி அதற்கு முன்னரே தன் ஆட்டக்குழுவைக் கலைத்துவிட்டிருந்தது. ஆயினும் முன்பு ஒப்புக்கொண்ட ஆட்டத்திற்கு வரத் தவறினால் 3,000 டாலர் தண்டம் செலுத்த வேண்டும். அதற்கு அஞ்சிக் கையில் அகப்பட்ட மாணவரைத் திரட்டி அனுப்பினர். முடிவு யாது? 222க்கு 0! நூறாண்டு கடந்தும் அவ்வெண்ணைக் கூறி உலகம் நகைக்கிறது. பயிற்சியும் இல்லை, நோக்கமும் இல்லை. தண்டத்திற்கு அஞ்சி ஆடிய ஆட்டம் அது. அதிலிருந்து எவரும் எதையும் கற்றிருக்க இயலாது.

அந்நாட்டிலேயே இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், கீழ்ப்படி நிலையைச் சேர்ந்த அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகக் குழு, நாட்டில் ஐந்தாம் நிலையில் வைத்து எண்ணப்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழகத்தை அதன் சொந்தக் களத்திலேயே, நூறாயிரத்திற்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையில், 34க்கு 32 என வென்றது. பெரிய கல்லூரிகள் பணம் கொடுத்துச் சிறிய கல்லூரிகளைத் தம் களத்திற்கு அழைப்பது அங்கு வழக்கம். அழைப்பவர்க்கு எளிய வெற்றி. வருபவர்க்கு ஓராண்டுச் செலவிற்கு ஆகும் பணம். அவ்வாறு அழைக்கப்பட்ட குழுவே அன்று வென்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஊழ் என்று கூறித் தப்பிவிடலாகாது. அப்பலாச்சியன் குழு 2005ஆம் ஆண்டிலும் 2006ஆம் ஆண்டிலும் தன் படிநிலையில் வாகை சூடிய குழு. தனக்கு நிகரானவரை எல்லாம் வென்று முடித்த பின்னரே அது மேற்படியில் கால் வைத்தது. கம்பர்லாந்தோ படியே இல்லாத இடத்தில் கால் வைத்தது. ஆகவே, “வலியாரோடு மோதலாமா?” என்னும் வினாவிற்கு விடை ‘ஆம்’ என்பதும் அன்று, ‘இல்லை’ என்பதும் அன்று. “எந்நிலையில், எத்தனை முறை, எதன் பொருட்டு?” என்று கேட்பதே அறிவுடைமை.

கடல் கடந்த கதை போதும். நாம் வாழும் இவ்வூரின் கதைக்கு வருவோம். இன்றைய இளைஞருக்கு ஐதராபாத் என்றால் கிரிக்கெட்டும் பாட்மிண்டனுமே நினைவிற்கு வருகின்றன. ஒரு காலத்தில் இந்நகரம் இந்தியக் கால்பந்தாட்டத்தின் தாய்வீடுகளுள் ஒன்றாய் விளங்கியது. அப்புகழுக்கு அடிகோலியவருள் தலையாயவர் சையது அப்துல் ரகீம். 1909இல் பிறந்து 1963இல் மறைந்த அவர், பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றியவர். 2024இல் வெளிவந்த ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படத்தின் வாயிலாக இளைஞர் பலர் அவரை அறிந்திருப்பீர்கள்.

அவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரக் காவல்துறைக் குழு, பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் இடைவிடாது வென்றது. 1950இல் தில்லித் தூரந்துக் கோப்பையையும், கல்கத்தாவின் பெருங்குழுவாகிய மோகன் பகானை வீழ்த்திக் கைப்பற்றியது. 1954இலும் 1957இலும் மீண்டும் வென்றது. நாம் நோக்க வேண்டியது கோப்பைகளின் எண்ணிக்கையை அன்று; அவை கிடைத்த இடங்களை. செகந்திராபாத்திலிருந்து பம்பாய்க்குப் புகைவண்டிப் பாதை ஏறத்தாழ 800 கிலோமீட்டர். தில்லிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல். அந்நாளைய வண்டியில், மர இருக்கையில், கரிப்புகை படிந்து சென்று, தம் ஊரார் ஒருவரும் இல்லாத களத்தில், நாட்டின் தலைசிறந்த குழுக்களோடு மோதினர். உள்ளூர்ப் போட்டிகளே போதுமென்று அவர்கள் அமைந்திருந்தால், ஆண்டுதோறும் வென்றிருப்பர். ஆண்டுதோறும் மறக்கப்பட்டும் இருப்பர்.

ரகீம் அவர்களின் வழியில் இன்னொரு நுட்பமும் உண்டு. வலிய எதிரி எப்போதும் கிடைப்பதில்லை. ஆதலின் உள்ளூர் ஆட்டத்தையே கடினமாக்க அவர் வழி கண்டார். பந்தைத் தட்டிக்கொண்டு தனியே ஓடலாகாது, உடனே பிறருக்குத் தள்ளிவிட வேண்டும் என்னும் விதியோடு போட்டிகள் நடத்தினார். வலிமை குன்றிய காலாலேயே ஆட வேண்டும் என்னும் போட்டியும் நடத்தினார். இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். எதிரே நிற்பவன் எளியவனாயினும், விதி வலியதாயின் ஆட்டம் வலியதாகும். எளிய குழுவோடு ஆட நேர்ந்தால், “இம்முறை முதற்பாதி முழுவதும் எவரும் பந்தை இரண்டு தொடுகைக்கு மேல் வைத்திருக்கலாகாது” என்று உங்களுக்கு நீங்களே ஒரு தளை பூட்டிக்கொள்ளலாம். அந்த எளிய ஆட்டமும் பாடசாலை ஆகிவிடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இனி, நம் நாட்டுக் குழுவின் வரலாற்றை நோக்குவோம். 1948இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் வெறுங்காலுடன் ஆடிய நம் வீரர் பலர், பிரான்சு நாட்டிடம் 2க்கு 1 என்று தோற்றனர். நம் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10க்கு 1 என்று பெருந்தோல்வி! குளிர் நிலத்தில் வெறுங்கால் பயன்படாது என்பதை அத்தோல்வி கற்பித்தது. அதன் பின்னரே காலணி அணிதல் கட்டாயமாயிற்று. 1955இல் மாஸ்கோவில் சோவியத் குழுவிடம் 11க்கு 1 என்று மீண்டும் ஒரு பேரிடி. அன்றைக்கே, “இனி வலிய நாடுகளோடு ஆடுதல் வேண்டா, அண்டை நாடுகளை வென்று மகிழ்வோம்” என்று யாரேனும் முடிவு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த ஆண்டே, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4க்கு 2 என வென்றோம். நெவில் டிசூசா அவ்வாட்டத்தில் மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவை எதிர்த்து முதற்கோலை அடித்தவர்கள் நாமே; பின்னர் 4க்கு 1 என்று தோற்றோம். பத்துக்கு ஒன்று, நான்காண்டில் நான்குக்கு ஒன்றாயிற்று. ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் அரையிறுதி கண்ட முதல் ஆசிய நாடு என்னும் பெருமையும் நமக்கு வந்தது.

1960இல் உரோமையில் அங்கேரியிடம் 2க்கு 1 என்றே தோற்றோம். பிரான்சோடு 1க்கு 1 எனச் சமன் செய்தோம். அங்கேரிக்கு எதிராக நம் கோலை அடித்தவர் யார் தெரியுமா? நம் செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் பிறந்த துளசிதாஸ் பலராம். 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியிலோ, முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2க்கு 0 என்று தோற்ற நம் குழு, இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியாவை 2க்கு 1 என வென்று பொற்பதக்கம் பெற்றது. பி. கே. பானர்ஜியும், தலையில் காயத்தோடு ஆடிய ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். மெல்போர்னிலும் உரோமையிலும் ஜகார்த்தாவிலும் பயிற்சியாளராய் நின்றவர் நம் ரகீம் அவர்களே. தோல்வியை அவர் புண்ணாகக் கொள்ளவில்லை; பாடமாகக் கொண்டார். ஒரே எதிரியை இருமுறை சந்திப்பதன் பயன் இதுதான்: முதன்முறை அவன் நமக்கு ஆசான், இரண்டாம் முறை நாம் அவனுக்குத் தேர்வாளர்.

எம் துறையைச் சார்ந்த ஒரு செய்தியையும் கூறாது விடல் முறையன்று. கல்கத்தா லீக் போட்டியில் மோகன் பகான், கிழக்கு வங்கம், முகம்மதன் ஆகிய மூன்று பெருங்குழுக்களே ஆண்டுதோறும் வாகையைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு வந்தன. 1958இல் அக்கோட்டையை உடைத்தது எது? அலுவலக ஊழியரைக் கொண்ட கிழக்கு இரயில்வேக் குழு! பி. கே. பானர்ஜி அக்குழுவின் வீரர். அம்மூவரல்லாத இன்னொரு குழு அவ்வாகையை மீண்டும் சூட 2019ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் வென்றது பியர்லெஸ் குழு. லீக் முறையில் எதிரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. பெருங்குழுக்களை ஆண்டுதோறும் எதிர்கொண்டே தீர வேண்டும். அந்தக் கட்டாயமே சிறு குழுவை உருக்கி வார்க்கும் உலை. கல்லூரிக் குழுவுக்கு அத்தகைய கட்டாயம் குறைவாதலின், அதைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

நம் தமிழகத்து மலைப்பாதை ஒன்று நினைவிற்கு வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் வண்டி 46 கிலோமீட்டர் ஓடுகிறது. கல்லாறு வரை அது மற்றெந்த வண்டியையும் போலச் சமநிலத்தில் ஓடும். அங்கிருந்து குன்னூர் வரை, பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்னும் அளவில் ஏற்றம். அங்கே வெறுந்தண்டவாளம் போதாது. நடுவே பற்சட்டம் பதித்திருக்கின்றனர். எஞ்சினும் முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. ஏற்றத்தைக் கண்டு பாதையையே கைவிட்டாரில்லை. வெறுஞ்சக்கரத்தோடு ஏறவும் முயன்றாரில்லை. ஏற்றத்திற்கு ஏற்ற பல்லைப் பொருத்திக்கொண்டு ஏறினர். அப்பாதையில் குன்னூரை அடுத்து வரும் வெலிங்டனில்தான் சென்னைப் படைப்பிரிவின் பயிற்சி நிலையம் உள்ளது. அந்நிலையத்துக் குழு 1955இலும் 1958இலும் தூரந்துக் கோப்பையை வென்றது. அதன் கோல் காப்பாளராய் நின்ற பீட்டர் தங்கராஜ், ஜகார்த்தா இறுதி ஆட்டத்திலும் இந்தியாவின் கோலைக் காத்தவர். மலைமேல் உள்ள ஒரு படைமுகாமின் குழு, தில்லி சென்று நாட்டை வென்றது!

இனி, அட்டவணைக்கு வருவோம். திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசர்க்கு வகுத்த அவ்வரிசையே ஆட்டக்குழுவின் தலைவனுக்கும் அமைந்த வரிசை என்பது எம் கருத்து.

முதலாவது, வலி. பன்னிரண்டு ஆட்டங்களுள் மூன்றை உங்களினும் வலியாரோடு வையுங்கள். ஆறினை நிகரானவரோடு வையுங்கள். மூன்றினை உங்களினும் எளியாரோடு வையுங்கள். வலியார் எனினும், நகரத்தின் முதற்குழுவிடம் நேரே சென்று மோத வேண்டா. பெரிய கல்லூரிகளிலும் அலுவலகக் குழுக்களிலும் முதற்பதினொருவருக்கு அடுத்த இரண்டாம் வரிசை ஆட்டக்காரர் உண்டு. அவர்களுக்கும் ஆட்டம் வேண்டும். அவர்களைத் தேடி வருவார் குறைவு. அவர்களிடம் சென்று கேளுங்கள். அவர்களை நெருங்கி ஆட முடிந்தால், அடுத்த ஆண்டு முதற்குழுவை அணுகலாம். எளியாரோடு ஆடும் மூன்று ஆட்டங்களை இழிவாக எண்ணற்க. ஆண்டு முழுவதும் இருக்கையிலேயே அமர்ந்திருக்கும் மாணவன் களம் காண்பது அன்றுதான்.

இரண்டாவது, காலம். ஆண்டின் முதல் ஆட்டத்தையே வலியாரோடு வைத்தல் தகாது. உடல் பழகாத நிலையில் காயமே மிஞ்சும். இரண்டு கடும் ஆட்டங்களைத் தொடர்ந்து வைத்தலும் தகாது. இடையே நிகரான குழுவோடு ஓர் ஆட்டமேனும் இருக்கட்டும். முதல் ஆட்டத்தில் கற்றதைச் செய்து பார்க்க அது இடம் தரும். பல்கலைக்கழகப் போட்டிக்குப் பத்து நாட்களுக்குள் வலியாரோடு மோதற்க. தேர்வு மாதத்தில் எவரோடும் மோதற்க. நம் ஐதராபாத்தின் சித்திரை வைகாசி வெயில் 40 பாகைக்கு மேல் ஏறுவது. அந்நாட்களில் காலை ஏழு மணிக்குள் ஆட்டத்தை முடித்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லையேல் ஆட்டமே வேண்டா.

மூன்றாவது, இடம். வலிய குழு உங்கள் களத்திற்கு வருதல் அரிது. நீங்களே செல்ல வேண்டியிருக்கும். அங்ஙனம் செல்லுங்கால், களத்தின் நீள அகலத்தை முன்னரே அறிந்து கொள்ளுங்கள். சிறு திடலில் பழகியவர் பெருந்திடலில் கடைசி அரைமணியில் ஓய்ந்து விடுவர். போக்குவரத்துச் செலவையும் பகல் உணவையும் அழைப்பவர் ஏற்பாரா என்று வெட்கமின்றிக் கேளுங்கள். பயிற்சி தருகின்ற எதிரியாக நீங்கள் செல்கின்றீர்கள், இரவலராய் அன்று. ஜகார்த்தாவில் நம் வீரரைக் கண்டு திரண்ட கூட்டம் கூச்சலிட்டு இகழ்ந்தது. அக்கூச்சலின் நடுவே அவர்கள் வென்றனர். பிறர் களத்தில் ஆடிப் பழகாதவன் காதிற்கு அக்கூச்சல் இடியாய்க் கேட்கும். பழகியவனுக்கு மழையாய்க் கேட்கும்.

வலியாரோடு ஆடும் ஆட்டத்தை எவ்வாறு அளப்பது? கோல் கணக்கு ஒன்றையே கொண்டு அளப்பீராயின், தோல்வி என்னும் ஒரே சொல்தான் மிஞ்சும். ஆகவே ஆட்டத்திற்கு முன் மூன்று குறிகளை எழுதி வையுங்கள். இடையறாது ஐந்து முறை பந்தைத் தமக்குள் மாற்றிக்கொண்டது எத்தனை தடவை? எதிரியின் கோலை நோக்கி உதைத்தது எத்தனை தடவை? கடைசி இருபது நிமிடத்தில் வாங்கிய கோல் எத்தனை? களத்தின் ஓரத்தில் ஒரு மாணவன் குறிப்பேட்டோடு அமர்ந்து இவற்றைக் குறிக்கட்டும். ஆண்டின் முதற் கடும் ஆட்டத்தின் கணக்கையும் மூன்றாம் கடும் ஆட்டத்தின் கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வளர்ச்சி அங்கே கண்ணுக்குத் தெரியும். வளராவிடினும், எங்கே வளரவில்லை என்பது தெரியும். கடைசி இருபது நிமிடத்தில் கோல் குவிந்தால் குறை மூச்சில் உள்ளது. முதல் இருபது நிமிடத்தில் குவிந்தால் குறை நெஞ்சில் உள்ளது. இரண்டிற்கும் மருந்து வெவ்வேறு.

இங்கே ஒரு சொல் பெற்றோர்க்கும் உரியது. பிள்ளைகளின் மனம் உடைந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள். தோல்வியால் மனம் உடைவதினும், தோல்விக்குப் பின் கேட்கும் சொற்களால் உடைவதே மிகுதி. ஆறு கோல் விட்ட கோல் காப்பாளனை அன்றிரவே பிடித்து விசாரணை நடத்தாதீர்கள். மறுநாள், குளித்து உண்டு உறங்கி எழுந்தபின் பேசுங்கள். காயம் குறித்த அச்சமோ முற்றிலும் நியாயமானது. உடல் வளர்ச்சியில் பெரிய வேறுபாடு உள்ள குழுக்களை மோதவிடலாகாது. பதினேழு வயதினரை முதிர்ந்த ஆட்டக்காரரோடு மோதவிடுதல் வீரமன்று, பொறுப்பின்மை. நட்பு ஆட்டங்களில் வேண்டியபோது மாற்று வீரரை இறக்கிக்கொள்ள இருதரப்பும் முன்னரே இசைந்து கொள்ளலாம். கால் நொந்தவனை அமர்த்த அஞ்சாத தலைவனே தலைவன்.

கல்லூரி நிர்வாகத்தார்க்கு எம் வேண்டுகோள் ஒன்று உண்டு. காஞ்சன்பாக்கில் வாழும் நமக்கு அது எளிதில் விளங்கும். 1973இல் தோன்றிய மிதானி ஆலை இங்கே நம் அருகில்தான் உள்ளது. அங்கு ஆக்கப்படும் உலோகத்தை மெல்ல வருடிப் பார்த்துத் தரம் கூறுகின்றார்களா? அஃது அறுபடும் வரை இழுத்துப் பார்க்கின்றனர். அறுந்த துண்டு வீணாவதில்லை. மற்றை உலோகத்தின் வலிமையை உலகிற்குச் சொல்வது அத்துண்டே. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் தலைமையேற்று உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி, 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் கடலில் வீழ்ந்தது. 1980 ஜூலை 18ஆம் நாள் வானில் வென்றது. முதல் தோல்வியைக் கண்டு பணத்தை நிறுத்தியிருந்தால் இரண்டாம் நாள் வந்திருக்குமா? அவரே 1982இல் நம் காஞ்சன்பாக்கில் உள்ள ஏவுகணை ஆய்வுக்கூடத்திற்கு இயக்குநராய் வந்து சேர்ந்தார். ஓராண்டுத் தோல்விக் கணக்கைக் கொண்டு ஒரு குழுவை மூடிவிடாதீர்கள். மூன்றாண்டு கொடுங்கள், குறிப்பேட்டைக் கேளுங்கள், அதன்பின் முடிவு செய்யுங்கள் என்பதே எம் வேண்டுகோள்.

மூன்றாண்டு என்று யாம் வாய்க்கு வந்தபடி கூறவில்லை. இந்நகரின் பெயரைத் தாங்கிய ஐதராபாத் எஃப்.சி. என்னும் குழு, இந்தியன் சூப்பர் லீக்கில் தன் முதற்பருவமாகிய 2019-20இல் கடைசி இடத்தில் கிடந்தது. 2021-22இல் அதுவே வாகை சூடியது. மூன்றாம் பருவத்தில் வாகை! ஆனால் 2025இல் அக்குழு நம் நகரைவிட்டுத் தில்லிக்கு மாறிச் சென்றுவிட்டது. பெரும்பணத்தால் வந்தது, பணம் தளர்ந்தபோது சென்றது. கல்லூரிக் குழு அவ்வாறு ஊர் மாறிச் செல்லாது. நம் பிள்ளைகள், நம் தெரு, நம் திடல் என நின்று நிலைப்பது அதுவே. இந்நகரின் பழம்புகழ் மீண்டும் துளிர்க்குமாயின், அது சிறு கல்லூரிகளின் புழுதித் திடலிலிருந்தே துளிர்க்கும்.

இளைஞர்களே! நீங்கள் கேட்ட வினாவிற்கு எம் விடை இது. வலியாரைத் தேடுங்கள், ஆனால் அளவோடு தேடுங்கள். பன்னிரண்டில் மூன்று போதும். ஆறு ஆட்டம் நிகரானவரோடு உண்டு. அவற்றில் வெற்றி காட்டி நிர்வாகத்தாரின் நம்பிக்கையைப் பெறுங்கள். அந்நம்பிக்கையே உங்கள் வண்டியைப் பின்னின்று தள்ளும் எஞ்சின். மூன்று கடும் ஆட்டத்தில் கற்றதை ஆறு ஆட்டத்தில் காட்டுங்கள். தண்டத்திற்கு அஞ்சியோ, தற்பெருமைக்கு ஆசைப்பட்டோ எவரோடும் மோதாதீர்கள்.

பெரியோர்களே! இந்த அவையில் உள்ள நாம் யார்? தஞ்சையிலும் நெல்லையிலும் வேலூரிலும் நமக்குப் பழகிய திண்ணை இருந்தது. பழகிய மொழி இருந்தது. நம்மை அறிந்த நாலு பேர் இருந்தனர். அத்தனையும் விட்டு, தெலுங்கும் உருதும் ஒலிக்கும் இந்நகருக்கு வந்து, நம்மினும் வல்லார் பலரோடு போட்டியிட்டுப் பிழைப்புத் தேடினோம். நாம் ஒவ்வொருவரும் சொந்தக் களத்தை விட்டுப் பிறர் களத்தில் ஆட வந்தவரே. முதல் ஆண்டில் எத்தனை கோல் வாங்கினோம் என்பதை நாம் நம் பிள்ளைகளிடம் கூறுவதில்லை. கூறினால் நன்று. வலியார் நடுவே நின்று வளர்ந்தவர் பெற்ற பிள்ளைகளை, எளியாரோடு மட்டும் ஆடு என்று எவ்வாறு கூறுவோம்?

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் வென்ற குழுவுக்கு நாம் சுழற்கோப்பை வழங்குகிறோம். இவ்வாண்டு முதல், வலிய குழுவோடு ஆடத் துணிந்து, குறிப்பேட்டில் வளர்ச்சி காட்டிய குழுவுக்கும் ஒரு பரிசு வழங்குவோம். பெரிய பரிசு வேண்டா. ஒரு நல்ல பந்து போதும். அவர்கள் கடும் ஆட்டம் ஆடும் நாளில், வெல்வார்கள் என்று எண்ணி அன்று, தோற்றாலும் நாம் அங்கிருப்போம் என்று காட்டுவதற்காக, நம்முள் பத்துப் பேரேனும் களத்தின் ஓரம் சென்று நிற்போம். அழைத்தால் யாமும் வருவோம். குறிப்பேட்டைப் பிடிக்கும் பணி எழுத்தருக்கு உகந்ததே.